நண்பருக்காகப் பார்த்த படகு

பெங்களூர் அல்சூர் ஏரியில், விலைக்கு வந்திருக்கும் பழைய மோட்டார் படகில் உட்கார்ந்திருக்கிறேன். சென்னைக் கடலில் முப்பது வருடம் பாய்மரப் படகு ஓட்டியவன் நான். மோட்டார் படகில் போகிறவர்களைப் பார்த்தால், "கடல்ல ஆட்டோ ஓட்றான்" என்று சிரிப்பேன். இப்போது வலது தோள் பாய்க்கயிற்றை இழுக்க விடுவதில்லை. ஊரில் யாருக்கும் இது தெரியாது. படகைக் கொண்டுவந்திருக்கும் ஆடுகோடி மெக்கானிக் பீட்டரிடமும், ஒரு நண்பருக்காகப் பார்க்க வந்ததாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

"நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்" என்று பீட்டர் என்ஜினைக் கிளப்புகிறார்.

ஏரி நடுவில் படகைத் திருப்புகிறேன். உடம்பு தானாக மடிந்து குனிகிறது. பாய்மரப் படகு திரும்பும்போது பாயின் அடிக்கட்டை குறுக்கே வீசி வரும். குனியாவிட்டால் மண்டை உடையும். இங்கே மேலே வெறும் வானம். அடுத்த திருப்பத்திலும் குனிகிறேன். அதற்கடுத்ததிலும்.

பீட்டர் பார்த்துக்கொண்டே வருகிறார். கரைக்கு வந்து கயிற்றைக் கட்டும்போதுதான் பேசுகிறார்.

"உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க சார். பாய் ஓட்டினவங்களுக்குக் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும். அப்புறம் சரியாப்பூடும்."

அவர் முகத்தைப் பார்க்காமல், "சொல்லிடறேன்" என்கிறேன்.