வலது காலில் நின்ற ரயில்

சிங்கப்பூரில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் எம்ஆர்டி மெட்ரோ ரயில் அது. முன்கண்ணாடியை ஒட்டி ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளி நின்றிருந்தார்: ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, வெல்டிங் தழும்பேறிய கைகள். வளைவு வருமுன்பே அவர் தோள் சாய்ந்தது. நிலையம் நெருங்கும்போதெல்லாம் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்தியது.

“நீங்கதான் ஓட்டுறீங்க போல!” என்றேன்.

“ஊர்ல லாரி கிளீனர் தம்பி. டிரைவர் வேலைன்னுதான் சிங்கப்பூர் வந்தேன். வெல்டிங்ல போட்டுட்டாங்க.”

“ஏமாத்திட்டாங்களா?”

“லாரிக்குத்தானே ஆசப்பட்டேன்? இங்க வாராவாரம் ரயிலே ஓட்டுறேன்!”

லிட்டில் இந்தியா நிலையத்தில் இருவரும் இறங்க வேண்டும். அவர் அழுத்திய காலை எடுக்கவில்லை. “எல்லாரும் எறங்கட்டும். டிரைவர் முன்னாடி எறங்கலாமா?”

நான் இறங்கியதும் கதவு மூடிக்கொண்டது. பதறிப்போய்க் கையசைத்தேன். உள்ளே அவர் சிரித்துக்கொண்டே வலது காலைத் தூக்கினார். சத்தியமாக, அதற்குப் பிறகுதான் ரயில் நகர்ந்தது.