ரமலானில் மட்டும் நடந்த அத்தா

ஊருக்குப் போனதும் அம்மா முதலில் என் பையைச் சோதிப்பாள். அழுக்குத் துணி எடுக்கிறேன் என்பது சாக்கு. அழுக்குத் துணி எடுக்கிறவள் பவுடர் டப்பாவைத் திறந்து எதற்கு மோந்து பார்க்கிறாள், தலைவலி மாத்திரை அட்டையை ஏன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள் என்று நான் கேட்டதில்லை. தேடுவது எதை என்று எனக்குத் தெரியும். பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அத்தாவின் நடுக்கத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது, அதை நான் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறேன், பெற்ற தகப்பனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது அவள் முடிவு.

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. மீன் வாங்கும்போது அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், பிறகு மீன்காரம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். பால் விஷயத்தில் இன்னும் மோசம். பாக்கெட் பால் வீட்டுக்குள் வராது. வாய்க்கால் கரையில் மாடு வைத்திருந்தவர் வீட்டுக்கே போய், கறக்கும்போது பக்கத்தில் நின்று, கண்ணெதிரே செம்பில் வாங்கி வருவாள். "ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருந்தா என் மாடு செத்துப் போவட்டும்" என்று அந்த மனுஷர் சத்தியம் செய்தும் பலனில்லை. "மாடு செத்தா அவருக்கென்ன, இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள்.

அத்தாவின் சந்தேகம் வெளிநாட்டில் கற்றது. சவூதியில் ஒரு மளிகைக் கடையில் காலம் கழித்தவர். டப்பாவில் பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி ஒட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் அச்சடித்த எதையும் நம்ப மாட்டார். என் சின்ன வயதில் எப்போதோ வந்துபோகும் விருந்தாளியாக இருந்தவர், நான் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் புருஷன் என்று ஒருத்தர் வீட்டில் இருந்தார். அவள் சமைத்தாள், சமைத்தாள், சமைத்துக்கொண்டே இருந்தாள்.

வந்த கொஞ்ச நாளில் அவருடைய வலது கைக் கட்டைவிரல் ஆடத் தொடங்கியது. தஸ்பீஹ் மணி உருட்டுவது மாதிரியே இருந்ததால், அத்தா எந்நேரமும் ஓதிக்கொண்டிருப்பதாக நினைத்துத் தெருவில் மரியாதை கூடியது. தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் பார்த்த பிறகுதான் அது பார்க்கின்சன் என்று தெரிந்தது. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை மாத்திரை எழுதினார். ஆரம்பத்தில் குமட்டல் இருந்ததால் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

படிப்பு முடிந்து எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஊர்ப் பையன்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் மருந்து வேலைகளை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன. பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டிய பொடிகள் எங்களுக்கு வரும். அதில் ஒன்றுதான் வீட்டுக்குள் குழப்பத்தைக் கொண்டுவந்தது.

மூளையின் செல்களில் ஏற்பிகள் உண்டு. உரிய பொருள் வந்து ஒட்டினால் செல் தன் வேலையைத் தொடங்கும். சில ஏற்பிகளுக்கு உரிய பொருள் உடம்பில் எது என்றே இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவற்றை அனாதை ஏற்பி என்போம். அப்படி ஒன்றை உசுப்பிவிடும் சின்ன மூலக்கூறு அது. உசுப்பினால் நடையும் அசைவும் சீராகும் என்பது அனுப்பியவர்களின் எதிர்பார்ப்பு. பெரும்பாலான மருந்துகளை மூளை வாசலிலேயே நிறுத்திவிடும். இது யாரையும் கேட்காமல் உள்ளே போனது. எலியின் ரத்தத்தில் எவ்வளவு, மூளையில் எவ்வளவு என்று அளந்தவள் நான். அளந்த அன்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூளைக்குள்ளயே போவுதும்மா. எலி ஓடுது. அத்தா மாதிரி இருக்குறவங்களுக்கு ஒரு காலத்துல ஆவும்" என்று போனில் சொன்னேன்.

"அப்ப எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

அதெல்லாம் கூடாது, மனுஷருக்குக் கொடுக்கிற கட்டம் வரவே பல வருடம் ஆகும் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்துதான் பை சோதனை.

வருடாவருடம் ரமலானுக்கு விடுப்பு எடுத்து ஊருக்குப் போவேன். போகும்போதெல்லாம் அத்தா நன்றாக இருப்பார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்து போய் வருவார். என்னைக் கிண்டல் செய்வார். மற்ற மாதங்களில் அம்மா போனில் சொல்லும் அத்தா வேறு ஆள். "கல்லா நிக்கிறார். காலு தரையில ஒட்டிக்குது. பல்லு வெளக்கி விடுறதே நான்தான்" என்பாள். நான் பார்ப்பதற்கும் அவள் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா கூட்டிச் சொல்கிறாள், இப்படிப் பேசிப் பேசி மருந்தை என்னிடம் கறக்கப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

அவள் கட்டிய முடிவு வேறு. "நீ வந்தா நடக்குறார், நீ போனா நிக்கிறார். நீ என்னமோ கலந்து குடுக்குற. போறப்ப மிச்சத்தை எடுத்துட்டுப் போயிடுற" என்று ஒரு பெருநாள் அன்று பிரியாணிச் சட்டியைக் கிண்டிக்கொண்டே நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். அத்தாவிடமும் ஒரு விளக்கம் இருந்தது. மெடிக்கல் கடைக்காரர் வருடம் முழுக்க டூப்ளிகேட் மாத்திரை விற்கிறார், ரமலானில் மட்டும் படைத்தவனுக்குப் பயந்து நல்லதைக் கொடுக்கிறார். கடைக்காரர் பாவம், அவர் இந்து. தெருவில் நோன்பின் பரக்கத், அதன் அருள் என்றார்கள். பரக்கத் என்றால் அத்தா நோன்பே வைப்பதில்லையே என்று நான் குறுக்கே பேசி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உண்மையில் அவர் நோன்பு வைக்கவில்லை. மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் தடுத்திருந்தார். ஆனாலும் நோன்பாளிகள் இருக்கிற வீட்டில் பகலில் சாப்பிடுவது மரியாதையில்லை என்று விடியும் முன் எங்களோடு சாப்பிடுவதோடு சரி. பகலில் மாத்திரையை மட்டும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்து ஒன்றும் தோன்றவில்லை.

இதற்கிடையில் எங்கள் மூலக்கூறு கவிழ்ந்தது. எங்கள் தொழிலில் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்று ஓட்டத்தை அளப்பவருக்குக்கூடச் சொல்ல மாட்டோம். அந்த அனாதை ஏற்பியே இல்லாமல் பிறக்கும்படி வளர்த்த சுண்டெலிகளுக்கு அதே பொடியைக் கொடுத்துப் பார்த்தோம். அவையும் ஓடின. ஏற்பி இல்லாத எலியும் ஓடுகிறது என்றால் மருந்து உள்ளே போய் வேறு எதையோ உசுப்புகிறது என்று அர்த்தம். எதை என்று தெரியாத ஒன்றை யார் வாயில் போடுவது? அனுப்பியவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அது சரியில்லம்மா. நாங்க நெனச்ச காரணத்தால எலி ஓடல."

"ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு."

"அப்புறம் என்ன? எனக்கு உங்கத்தா நடந்தா போதும். காரணத்த நீ வச்சுக்க."

அந்தத் தை மாதம் அத்தா விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. நான் நம்பவில்லை. ஆனாலும் கிளம்பினேன், சொல்லாமல். போய் அம்மாவைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். தஞ்சாவூரில் இறங்கி பஸ் மாறினேன். அறுப்பு மெஷின்கள் வயலில் நின்றன. பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்ததால் பஸ் மெதுவாகத்தான் போனது.

வீட்டு வாசலில் நுழைந்ததும் அத்தாவைப் பார்த்தேன். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நெற்றியில் காயம். என்னைப் பார்த்துச் சிரிக்க நினைத்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. கால் எழும்பவே இல்லை. நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். ஒரு கையில் மாத்திரை. இன்னொரு கையில் பாதாம் அரைத்துப் போட்ட பால், பெரிய டம்ளர் நிறைய. பின்னாலேயே தட்டில் அவித்த முட்டை இரண்டு. "வெறும் வயித்துல போட்டா குடலு வெந்துடும்" என்று சொல்லிக்கொண்டே அவர் வாயில் டம்ளரை வைத்தாள். மதியத்துக்கு ஆட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அப்படியே உறைத்தது. அத்தாவின் மாத்திரை மூளைக்குள் தானாகப் போகாது. பாலும் முட்டையும் கறியும் செரித்து வரும் சத்துகள் மூளைக்குள் போகிற அதே வழியில்தான் இதுவும் தொற்றிக்கொண்டு போக வேண்டும். பட்டுக்கோட்டை மினி பஸ் மாதிரி அதில் இடம் கொஞ்சம். பாலும் முட்டையும் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டால் மாத்திரை ஸ்டாண்டிலேயே நிற்கும். ரமலானில் பகலில் அடுப்பு எரியாது. மாத்திரை தண்ணீரோடு தனியாகப் போகும். அதனால் அத்தா நடந்தார். அம்மா மாட்டுக்குப் பக்கத்தில் நின்று அத்தனை சுத்தமாகப் பால் வாங்காமல், அந்த மனுஷர் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்திருந்தால்கூட அத்தா நாலடி கூடுதலாக நடந்திருப்பார்.

அம்மா குளிக்கப் போனபோது அத்தாவிடம் சொன்னேன். கண்ணை மூடி யோசித்தார். "அவகிட்ட இப்ப சொல்லாத. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார், கொழகொழவென்று.

மறுநாள் காலையில் அம்மா செம்போடு கிளம்பினாள். போனால் லேசில் திரும்ப மாட்டாள். கறக்கும்வரை நிற்பாள், பிறகு சண்டை போடுவாள். அவள் தெருமுனை தாண்டியதும் மாத்திரையை வெறும் தண்ணீரில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தபோது அத்தாவின் தோள் இளகியது. எழுந்தார். கூடத்தைத் தாண்டினார். அம்மா திரும்பி வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டது அவர்தான்.

அம்மா செம்போடு அப்படியே நின்றாள். "யா அல்லாஹ்" என்று அழுதாள், சிரித்தாள், அவர் கன்னத்தைத் தடவினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். முகம் மாறியது.

"குடுத்துட்டியா?"

"அம்மா, நான் ஒண்ணும் குடுக்கல. நீ குடுக்குற பால்..."

"குடுத்துட்டா" என்றார் அத்தா. "ஒரு பொடியைத் தண்ணியில கலந்து குடுத்தா. ஒரே தடவ போதுமாம். ஆனா இனிமே மாத்திரையோட பாலு, முட்டை, கறி ஆவாதாம். அதெல்லாம் ராத்திரிக்குத்தான்."

மளிகைக் கடையில் காலம் கழித்தவர். பொருள் கைமாறும் முன்னே ஆளை நம்ப வைக்கத் தெரிந்தவர். அம்மா நம்பிவிட்டாள். நம்பியதும் என்னைப் பார்த்து, "இத்தன வருசம் கையில வச்சுக்கிட்டு அவரைச் சாவடிச்சியே. பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

எனக்குத் தலைக்கேறியது. "ஏன் அத்தா பொய் சொன்னீங்க?" என்று தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"நான் அங்க கெடந்த காலமெல்லாம் அவ தனியா கெடந்தா. வந்தப்புறம் அவ எனக்குன்னு செஞ்சது இந்தச் சாப்பாடு ஒண்ணுதான். அதுதான் என்னைய கல்லா நிக்க வச்சுதுன்னு அவகிட்ட சொல்லச் சொல்றியா? நீ திட்டு வாங்கிக்க. உனக்குப் பழக்கம்தானே" என்றார்.

வாங்கிக்கொண்டேன். ஆனால் மனதார இல்லை. அம்மா சொந்தத்தில் ஒருத்தர் விடாமல் சொன்னாள். அடுத்த தெருவில் ஒரு பெண், தன் புருஷனுக்கும் அந்தப் பொடி வேண்டும் என்று வந்து நின்றாள். இல்லை என்றதும் என்னைப் பார்த்த பார்வை அம்மாவுடையதே. அத்தா மேல் எனக்குக் கோபம் இருந்தது. அவர் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நடந்து போவதைப் பார்க்கும்போது மட்டும் அது குறையும். சில வருடங்கள் நன்றாகவே நடந்தார்.

பிறகு நோய் தன் வழியில் போனது. மாத்திரையைக் கூட்டினார்கள், மாற்றினார்கள். பாலை நிறுத்தி மீட்கக்கூடியது அதற்குமேல் ஒன்றுமில்லை. அத்தா படுக்கையில் விழுந்தார், குரல் முதலில் தேய்ந்து, பிறகு காற்றாகிப் போனது. "அந்தப் பொடியை இன்னொரு தடவ எடுத்துட்டு வா" என்று அம்மா போன் செய்தாள். கெஞ்சினாள். என்னிடம் அம்மா கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

கையை வீசிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொடியே கிடையாது, பால்தான் காரணம், ரமலானில் நடந்ததும் அதனால்தான் என்று.

"நான் குடுத்த பாலா?" என்றாள். "நீ பொடி குடுத்தேன்னு அவரு வாயாலதான சொன்னாரு."

"அத்தா பொய் சொன்னாங்கம்மா."

"என் புருஷன் எங்கிட்ட பொய் சொன்னாரா? இருக்குறத இல்லைங்கிறதுக்கு இப்ப அவரையே பொய்யராக்குறியா?"

நான் அத்தாவின் முகத்தருகே குனிந்தேன். "அத்தா, நான் ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் கண் என்னைப் பார்த்தது. உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா என்னை விலக்கிவிட்டுத் தன் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"குடுக்கச் சொல்றார்" என்றாள்.