விளம்பரத்தில் என் செருப்பு

அந்த ஐப்பசியில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. திருவண்ணாமலை தேரடிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைக் கார்த்திகை தீபத்துக்குள் காலி செய்து தரும்படி ஓனர் சொல்லிவிட்டார். நடுவில் தடுப்பு வைத்து, அறை அறையாகப் பிரித்து, கிரிவலம் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாராம். தீபம் முடிந்த சில நாளில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் யாரும் பால் காய்ச்சிப் புதுவீட்டுக்குப் போவதில்லை. தீபத்துக்குள் வீடு கிடைக்கவில்லை என்றால் சாமான்களோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். என் கணவர் "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விடக்கூடிய மனிதர். அவருக்கும் சேர்த்து நான்தான் பதறினேன்.

நான் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைதான் அந்த வட்டாரத்தில் வாடகை வீடு பிடித்துத் தரும் புரோக்கருக்கு ஆபீஸ். ஐம்பதைத் தாண்டியவர். பழைய மொபெட், சட்டைப்பையில் ஒரு சாவிக்கொத்து, புதிதாக வாங்கிய கேமரா செல்போன். ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்னை வேங்கிக்காலிலேயே ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். புதுசாக வெள்ளை அடித்த வீடு. நான் செருப்போடு படியேறப் போனேன்.

"வெறும் வீடா இருந்தாலும் வீடு வீடுதாம்மா. செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க."

அவர் தன் செருப்பை மொபெட் பக்கத்திலேயே கழற்றிவிட்டிருந்தார். உள்ளே போய் எல்லாக் குழாயையும் திறந்து காட்டினார். "தண்ணி ஜாஸ்தியாவே வரும்" என்றார். அடுப்படியில் நல்ல வெளிச்சம் இருந்தது. நான் மனதுக்குள் எண்ணெய் டப்பாவுக்கும் மிக்சிக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எப்போது வெளியே போனார் என்று நான் கவனிக்கவில்லை.

பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கணவரை அழைத்து வருகிறேன் என்றேன். "தாராளமா கூட்டிட்டு வாங்க. ஒருத்தருக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டா, அவங்க வேணாம்னு சொல்ற வரைக்கும் நான் அந்த வீட்ட வேற யாருக்கும் தொறக்க மாட்டேன். பெங்களூர்ல இருக்கற ஓனர்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார். ஓனரின் போன் நம்பரைக் கேட்டேன். சிரித்தாரே தவிர, தரவில்லை. அது அவர்கள் தொழில் வழக்கம். எனக்கு அதுவே உறுத்தியது.

வியாழக்கிழமை என் பக்கத்து சீட்டுப் பெண், "இப்பல்லாம் வீடு நெட்டுலயே வந்துடுது மேடம். புரோக்கரே வேணாம்" என்றாள். சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். திருவண்ணாமலை, வாடகை வீடு என்று தேடியதும் நான்காவதாக அதே வீடு வந்தது. அதே வெள்ளை, அதே படி. படிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. இடது செருப்பின் வாரில் மஞ்சள் நூல் தையல். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவர், கறுப்பு நூல் தீர்ந்துபோய் மஞ்சளில் தைத்துக் கொடுத்த என் செருப்பு.

ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கீழே இறக்கிப் பார்த்தால் அதே படம் இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. மூன்றிலும் மூன்று போன் நம்பர், மூன்று வாடகை. ஒன்றில் 'ஓனர் நேரடி, புரோக்கர் இல்லை'. இன்னொன்றில் 'மலை தெரியும் வீடு'. இந்த ஊரில் மலை தெரியாத வீடு எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது? முதல் நம்பருக்குப் போன் செய்தேன். சென்னையிலிருந்து ஒருவர், "ஓனர் சைடு நான்தாங்க பாக்கறேன்" என்றார். இரண்டாமவரும் ஓனர் சைடுதான். மூன்றாமவர், தான் ஓனர் சைடு ஆளுக்கு ஆள் என்றார். அப்படியானால் என்னை அழைத்துப் போனவர் யார்? என்னை உள்ளே நிற்கவைத்துவிட்டு, வெளியே படம் எடுத்து, ஊருக்கெல்லாம் ஏலம் போட்டிருக்கிறார். அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். வெள்ளிக்கிழமை காலையில் பிரிண்ட் அவுட்டை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆள் இருந்தார்கள்.

"வேற யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொன்னீங்களே, இது என்ன? ஒரே வீட்ட பத்து பேருக்குக் காட்டறீங்களா? பொம்பளதானேன்னு ஏமாத்தப் பாத்தீங்களா?"

புரோக்கர் தாளை வாங்கித் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"இது உங்க செருப்புதானேம்மா?"

"ஆமா. என் செருப்புதான்."

"வேற யார் செருப்பாவது இருக்குதா பாருங்க."

அவ்வளவுதான் சொன்னார். மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் பெஞ்சைப் பார்க்காமல் அலுவலகத்துக்குள் வந்து தப்பும் தவறுமாக டைப் அடித்தேன்.

மத்தியானம் அந்தச் சென்னை நம்பருக்கு மறுபடியும் போன் செய்து, வீட்டை எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டேன். "வேங்கிக்கால்னா, வேலூர்லதானே இருக்கு?" என்றார் ஓனர் சைடு. மற்ற இரண்டு பேரையும் கேட்டேன். ஒருவருக்கும் அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆளை நான்தான் நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கணவரோடு போனபோது வீடு பூட்டியிருந்தது. அடுத்து வந்த நாட்களில் டீக்கடைக்கு எத்தனை தடவை எட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அவர் வரவே இல்லை. கார்த்திகை பிறந்துவிட்டது. பழைய ஓனர் தடுப்புச் சுவருக்குச் செங்கல் இறக்கினார்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து போன் வந்தது. அந்த வீட்டின் உண்மையான ஓனர். என் நம்பரையும் டீக்கடையில் நடந்ததையும் புரோக்கர் அவரிடம் சொல்லியிருந்தார்.

"வெள்ளை அடிச்சாச்சான்னு கேட்டேன், புரோக்கர் போட்டோ புடிச்சு அனுப்பினாரு. என் பொண்ணு அன்னிக்கே அத நெட்டுல போட்டுட்டா. எவனெவனோ அத எடுத்து அவனவன் நம்பரப் போட்டுக்கறான். அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா."

ஓனர் தொடர்ந்தார்.

"வீட்ட உங்களுக்கே குடுக்கச் சொல்லிட்டாரு புரோக்கர். நீங்க வேணாம்னு சொல்லலையாமே. ஆனா நடுவுல அவரு இருக்கலையாம், கமிஷனும் வேணாமாம். சாவி பக்கத்து வீட்டுல இருக்கு, வாங்கிக்கோங்க."

தீபத்துக்கு ஒரு வாரம் முன்பு பால் காய்ச்சினோம். புரோக்கரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். வரவில்லை. அடுப்படியில் அதே வெளிச்சம் இருந்தது, எனக்குத்தான் அதை ரசிக்கத் தெம்பில்லை.

தை மாதத்திலிருந்து, அந்தப் படத்தைக் காட்டித் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு, வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. கையில் தாளோடு, குழந்தை குட்டியோடு, கீழ்பென்னாத்தூரிலிருந்து, சென்னையிலிருந்து. "இந்த வீடுதானே? நீங்க ஓனரா, புரோக்கரா?" நான் குடியிருக்கிறவள் என்றால் நம்பமாட்டார்கள், தாளில் உள்ள படத்தைக் காட்டுவார்கள். படத்தில் இருந்த செருப்பு அவர்கள் கண்ணெதிரே அதே படியோரத்தில் கிடக்கும். ஓனரின் பெண் தான் போட்ட விளம்பரத்தை எடுத்துவிட்டாள். மற்றவை போகவில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து அந்த வெப்சைட்டுகளுக்கு எழுதிப் பார்த்தேன், பதிலே இல்லை. வருகிறவர்களையெல்லாம், மறுபடியும் டீக்கடைக்கு வர ஆரம்பித்திருந்த புரோக்கரிடம் அனுப்பினேன். நல்ல மனுஷர், நம்பிப் போங்க என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு நான் செய்யும் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் ஒருநாள் அவர் டீக்கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன்.

"அண்ணா, அன்னிக்கி நான் பேசினது தப்பு. மன்னிச்சுடுங்க."

அவர் முகத்தில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது.

"அது போவட்டும்மா. நீங்க ஒரு வாட்டிதான் கேட்டீங்க. இப்ப வர்றவங்க எல்லாம் அந்தப் போட்டோவ நீட்டி, குடியிருக்கற வீட்டயே வாடகைக்குப் போடற ஆளான்னு கேக்கறாங்க. தயவு செஞ்சு என்கிட்ட யாரையும் அனுப்பாதீங்க."