கல்யாணப் பூ வைத்த அறை

குன்னத்துகாலில் எங்கள் தொழுவத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையை ஊரில் யாரும் சீஸ் அறை என்று சொன்னதில்லை. ‘ஏசி முறி’ என்றுதான் சொல்வார்கள். குளிர்ந்த அறை ஒன்று சும்மா கிடக்கிறது என்பது அவர்கள் எண்ணம். சும்மாவா கிடந்தது? உள்ளே பலகைகளில் எங்கள் முதல் சீஸ் வட்டங்கள் முதிர்ந்துகொண்டிருந்தன. தினமும் தலையை மூடி, அந்த அறைக்கென்றே வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் உப்புத் தண்ணீரால் துடைத்துத் திருப்பி வைப்பேன். பெற்ற மகளைக்கூட வாசலோடு நிறுத்தினேன். வெளியிலிருந்து வேண்டாத பூஞ்சை வந்து ஒட்டினால் எல்லாம் போச்சு. கோவளத்து ஹோட்டல் சமையல்காரர் ஒருவர் வந்து ருசி பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் பசுக்கள் நிற்கும். இல்லையென்றால் விற்றுவிடுவது என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம்.

ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். முந்தைய நாளே நான் கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டேன். தோவாளையிலிருந்து பூ வந்து இறங்கியிருக்கிறது. வாடாமல் வைக்க நாத்தனார் இடம் கேட்க, கணவர் சாவியைக் கொடுத்துவிட்டார். கல்யாணம் முடிந்து வந்து கதவைத் திறந்தால், தரையெல்லாம் சேற்றுக் கால் தடம். மூலையில் ஈரச் சாக்கு, வாழையிலைச் சருகு. என் சீஸ் மேலேயே பிச்சிப்பூ உதிர்ந்து கிடந்தது.

“அக்கா கேட்டா எப்படி இல்லேன்னு சொல்ல? ஒரு நாளைக்கு உள்ளதாக்கும்,” என்றார் கணவர்.

அழுதுகொண்டே சுவரையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். கொஞ்ச நாளில் சீஸ் மேல் கறுப்பாக, பூனை முடி போல முளைத்துவிட்டது. துடைக்கத் துடைக்க அடுத்த வட்டத்துக்குப் பரவியது. கோவளத்துக்காரர் வந்தார். ஒன்றை வெட்டி முகர்ந்தார். அடுத்த முறை பார்க்கலாம் என்று மலையாளத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

மறுநாள் ரப்பர் மரத்தடியில் கணவர் குழி வெட்டினார். நான் சீஸை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தார். என்ன புதைக்கிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

“எலே, பூமாலையில ஒரே புளிச்ச பால் நாத்தம். மாப்பிள வீட்டுக்காரங்க மூக்கப் பொத்திட்டு நின்னாவ. எனக்கு எவ்வளவு நாணக்கேடு தெரியுமா?”

கணவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். திறந்தார்.

“செமிச்சிருங்க அக்கா. எங்க தப்பாக்கும்.”

என்னிடம் அவர் ஒருநாளும் கேட்காத மன்னிப்பு அது. நாத்தனாருக்கு மனம் இளகிவிட்டது. என் பக்கம் வந்து தோளைத் தட்டினார்.

“சாரமில்ல மக்கா. நான் மனசுல வைக்கல்ல.”

பசுக்களை விற்றாயிற்று. கணவர் சாவி கொடுத்ததைக்கூட ஒருவேளை மறந்துவிடுவேன். அன்று நாத்தனார் என்னை மன்னித்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.