படத்தில் காலியாக இருந்த பக்கம்

தொடரின் பாதியில் எங்கள் கிரிக்கெட் அணிக்கு ரன்னே வரவில்லை. இன்னொரு மேட்ச் தோற்றால் வெளியே. ஸ்கோர் ஏற்றுகிற ஆப்பில் எல்லோருடைய ஷாட்டுகளையும் ஒரே படமாகப் போட்டுப் பார்த்தேன். ஆஃப் சைடு முழுக்கக் கோடுகள். லெக் சைடு மட்டும் மொட்டைத் தலை மாதிரி பளபளவென்று இருந்தது.

கேப்டனிடம் காட்டினேன். "டேய், அது நம்ம உப்பளத்துப் பக்கம்டா!" என்றான்.

எங்கள் மைதானத்தில் ஒரே முனையிலிருந்துதான் பந்து வீசுவோம்; லெக் சைடை ஒட்டி உப்புப் பாத்திகள். அவற்றில் தண்ணீர் கட்டியதிலிருந்து, பந்து பாத்தியில் விழுந்தால் அவுட் என்று நாங்களே சட்டம் வைத்திருந்தோம். தினமும் அங்கே ஆடி ஆடி, வெளியூரிலும் கை அந்தப் பக்கம் போகவில்லை.

"அடுத்த மேட்ச் கீழ்புத்துப்பட்டுலதானே, அங்க ஏதுடா பாத்தி? சவுக்குத் தோப்புதான் இருக்குது. தூக்கி அடி!" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைசிப் பந்தில் நான்கு ரன் தேவை. கேப்டன் லெக் சைடில் தூக்கினான். பந்து தோப்புக்குள் போய் விழுந்தது. சிக்ஸர்! பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் "அவுட்டு!" என்று கத்திவிட்டோம். கேப்டனும் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

அம்பயர்தான் கூப்பிட்டார்: "ஏம்பா, ஜெயிச்சிட்டு ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு போற?"