திண்டிவனத்தில் தொள்ளாயிரம் மீட்டர்

2009 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. காலை 6.40-க்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். திண்டிவனத்துக்கு முப்பத்தேழு கிலோமீட்டர். கட்டணம் பதின்மூன்று ரூபாய். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று நின்று நின்று 7.45-க்குப் போய்ச் சேர்ந்தது. போன காரியம் ஒன்றுதான்: என் தங்கை கணவர் செல்வராசுவை நடக்க வைப்பது. அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், பதினைந்து நாளில் குறையாவிட்டால் தினம் ஊசிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஊசியைப் பார்த்தாலே அவருக்கு மயக்கம் வரும்.

தங்கை வீடு நிலையத்திலிருந்து எழுநூறு மீட்டர். ஆட்டோக்காரர் முப்பது ரூபாய் கேட்டார். நடந்து போகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காசு இல்லன்னா சொல்லு சார், சும்மாவே உட்டுட்டு வர்றேன்."

8.30-க்குச் செல்வராசுவும் நானும் மளிகைக் கடைக்குக் கிளம்பினோம். செஞ்சி சாலையில் தொள்ளாயிரம் மீட்டர். முதல் இருநூறு மீட்டருக்குள் மூன்று மோட்டார் சைக்கிள்கள் எங்களருகே வந்து நின்றன. மூவரும் தெரிந்தவர்கள், மூவரும் ஏறச் சொன்னார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்குகிறது. மூன்றாமவர், வண்டியை எங்கே அடகு வைத்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். செல்வராசு அங்கேயே திரும்பிவிட்டார்.

வீட்டில் தங்கை வசந்தா என்மேல் பாய்ந்தாள். அவள் பெண்ணுக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை பார்த்து, அடுத்த மாதம் நிச்சயம் வைத்திருக்கிறார்கள்.

"சம்பந்தி வூட்டுல பார்த்தா இன்னாண்ணா நெனைப்பாங்க? வண்டிய வித்துட்டு நடந்துக்கினு போறாரு, கல்யாணத்துக்கு எங்க செய்யப் போறாருன்னுதானே?"

சர்க்கரை என்று உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். அதற்கு வண்டியை விற்றதாகவே இருக்கட்டுமாம். பெண்ணுக்கும் அந்த நோய் வரும் என்று கதை கட்டிவிடுவார்களாம். விளையாட்டுத் திடலில் சுற்றலாமே என்றேன். காலையில் அங்கே சுற்றுகிறவர்கள் எல்லாரும் சர்க்கரைக்காரர்கள் என்று ஊருக்கே தெரியுமாம். எனக்குத் தலை வலித்தது.

செல்வராசு எழுந்து வண்டியை வெளியே எடுத்தார்.

"தள்ளிக்கினு போறேன் மச்சான். பஞ்சர் ஆனவன எவனும் ஏறச் சொல்ல மாட்டான்."

நடப்பதற்காக நூறு கிலோ இரும்பைத் தள்ளுவதா என்று பத்து நிமிடம் வாதாடினேன். வசந்தா உடனே சம்மதித்துவிட்டாள். அவரோ பின்சக்கரத்துக் காற்றையும் பிடுங்கிவிட்டார். நல்ல டயரை ஏன் பாழாக்குகிறீர்கள் என்று கத்தினேன்.

9.50-க்குப் புறப்பட்டோம். அவர் சொன்னதுபோல் ஒருவரும் ஏறச் சொல்லவில்லை. நானூறு மீட்டரில் எதிரே சம்பந்தியே வந்து வண்டியை நிறுத்தினார்.

"பஞ்சருங்களா?"

"ஆமாங்க. காலைலயே பேஜாரு."

சம்பந்தி குனிந்து டயரை அழுத்திப் பார்த்தார். தட்டையாக இருந்தது. தன் வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, நாங்கள் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், பஞ்சர் கடை வரை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். வளர்ந்த ஆண்கள் மூன்று பேர், பழுதில்லாத ஒரு வண்டியோடு. அவர் விடைபெற்றுப் போனபின் கடையில் காற்று மட்டும் நிரப்பிக்கொண்டோம். செல்வராசு நடந்தது முப்பத்தைந்து நிமிடம்.

நான் மாலை 4 மணிக்குக் கிளம்பும்போது அவர் ஒரு சந்தேகம் கேட்டார். தினமும் ஒரே சாலையில் பஞ்சர் ஆனால் யார் நம்புவார்கள்? பதினைந்து நாளுக்குப் பதினைந்து தெருக்களை, நேரமும் தூரமும் போட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இதைச் செய்தவன் நானா என்று பேருந்தில் வழி முழுக்க எரிச்சலாக இருந்தது.

5.30-க்கு விழுப்புரத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். பதினோரு நிமிடம். தெரிந்தவர்கள் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். நான் மறுக்கலாம், கட்டிக்கொடுக்க எனக்குப் பெண் இல்லை.