நோகாமப் பெத்தவ

சீரகம் வறுபடும் வாசனை வந்தால் ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்துவிடும். என்ன ஏது என்று யாராவது கேட்டால் சொல்லமாட்டாள். பக்கத்தில் தெரசாள் இருந்துவிட்டால் போதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஆறு வருஷக் கதை இருந்தது. அதில் முதல் மூன்று வருஷம் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

பரளச்சியில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் இடுப்பளவு மண்சுவர் ஒன்றுதான். தெரசாள், ஞானப்பூவின் புருஷன் யேசுதாசனுக்கு அக்காள். உள்ளூரிலேயே சிலுவைமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டவள். தெரசாளைப் பெற்ற எலிசபெத்துதான் ஞானப்பூவுக்கு மாமியார். திருச்சுழிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் ஞானப்பூவுக்கு மாமியாரைவிட மதினியைத்தான் பிடித்திருந்தது. காலையில் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போகும், சாயங்காலம் அதே கிண்ணம் துவையலோடு திரும்பி வரும். தலைவாரிக்கொள்வதுகூடச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று பேசிக்கொண்டுதான்.

முப்பத்தொன்பதில் யுத்தம் தொடங்கியது; அதற்கு மறுவருஷம் தெரசாளுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி. கண்மாய்க்கரையில் மாடு மேய்த்தவர்களுக்கெல்லாம் அவள் கத்தியது கேட்டதாம். கடைசியில் பெண்குழந்தை பிறந்தது, அழவில்லை. ஞானப்பூ அப்போது முழுகாமல் இருந்ததால் அவளை அந்த வீட்டுப் பக்கமே விடவில்லை. ஊர் பத்து நாள் துக்கம் விசாரித்தது. பதினோராம் நாள் வாயைத் திறந்தது.

"பொம்பளைக்கு அடக்கம் வேணும். இவ கத்துன கத்துல பிள்ளைக்குப் போக வேண்டிய மூச்செல்லாம் வெளிய போயிருச்சு" என்றார்கள். வேற்றாள் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். முதலில் சொன்னது எலிசபெத்து, பெற்ற தாய். துக்கத்துக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது அவளுக்கு. கைக்கு எட்டியது மகள்தான்.

அடுத்த மாசியில் ஞானப்பூவுக்கு நாள் நெருங்கியது. ஒரு காலை நேரம் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். அடிவயிறு இறுகுவது போலிருந்தது. கொல்லைக்குப் போகவேண்டும்போல இருக்கிறதே என்று உலக்கையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாமியார் ஓடிப்போய் மருத்துவச்சி ராமலட்சுமியைக் கையோடு கூட்டி வருவதற்குள் மகன் வேதநாயகம் அவள் மடியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

"தொப்புள்கொடி அறுக்கத்தான் என்னைய இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்தியாக்கும்?" என்று ராமலட்சுமி எலிசபெத்தைக் கேட்டாள். கோபம்போலக் கேட்டாலும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொன்னவள் அவள்தான்.

பிள்ளை பார்க்க வந்த பெண்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை, ஞானப்பூவைத்தான் பார்த்தார்கள். நெசமாவே நோகலையா என்று கேட்டார்கள். பத்தொன்பது வயது, புகழ்ச்சி தலைக்கேறியிருந்தது. "என்ன நோவு? எல்லாரும் எதுக்குத்தான் அப்பிடிக் கத்துறாகளோ!" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் தெரசாள் கையில் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பத்தியக் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்தாள், போய்விட்டாள். அதுதான் கடைசிக் கிண்ணம்.

ஞானப்பூவுக்கு 'நோகாமப் பெத்தவ' என்று பேர் விழுந்தது. தபால்காரர்கூட "நோகாமப் பெத்தவ வீடு இதுதானே?" என்று கேட்டு நின்றார். முதலில் இனித்தது. போகப் போக அந்தப் பேரைக் கேட்டாலே நெஞ்சில் முள் தைத்தது. சுவரண்டை போய் நின்று, "மதினி, தெரியாமச் சொல்லிட்டேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். தெரசாள் கோழிகளை விரட்டுவாள், இல்லையென்றால் உள்ளே போய்விடுவாள். கோவிலில்கூடப் பாய் மாற்றி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து ஞானப்பூவுக்கு இரண்டாவது. பருத்தி வெடித்துக் கிடந்த தை மாசம். காலையில் கஞ்சி குடிக்கும்போதே இடுப்பில் வலி கண்டது. உலக்கை சாத்திய அன்றைக்கு வந்ததுபோல இல்லை. முதுகைப் பிளந்துகொண்டு வந்தது. அம்மியைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, மருத்துவச்சியக் கூப்பிடுங்க" என்றாள்.

எலிசபெத்து மருமகளின் முகத்தைப் பார்த்தாள். "நோகுதா?"

"உசுரு போகுது அத்தே."

"அப்ப இது சூட்டு வலிதான். பிள்ளை வலின்னா ஒனக்குத்தான் நோகாதே!"

ஊர் வழக்கம் இதுதான்: வலி கண்டால் சீரகத்தை வறுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, கருப்பட்டி போட்டுக் கொடுப்பார்கள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும். பிள்ளை வலியாக இருந்தால் ஓங்கும். அதைப் பார்த்துத்தான் மருத்துவச்சிக்கு ஆள் அனுப்புவார்கள். ஞானப்பூவும் குடித்தாள். வலி ஓங்கியது. "இம்புட்டுச் சூடா ஒடம்புல!" என்று எலிசபெத்து இன்னொரு செம்பு கொடுத்தாள். அதற்குமேலும் ஓங்கியது. மூன்றாவது செம்பையும் அடுப்படியில் வைத்துவிட்டு, வேதநாயகத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு பருத்தி எடுக்கப் போய்விட்டாள். யேசுதாசன் விடியுமுன்பே அருப்புக்கோட்டைக்குப் பருத்தி வண்டி பூட்டிப் போயிருந்தான். தெருவில் இருந்த ஒன்றிரண்டு பேரும் முனகலைக் கேட்டு, "நோகாமப் பெத்தவளுக்கே சூட்டு வலின்னா சும்மாவா இருக்கும்!" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

காலில் முள் குத்திப் பழுத்திருந்ததால் தெரசாள் அன்றைக்குக் காட்டுக்குப் போகவில்லை. அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அடித்தொண்டையில் தொடங்கி, ஏறி, பல்லைக் கடித்த இடத்தில் அறுந்துபோகிற சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நொண்டிக்கொண்டே வந்து சுவரில் காலைத் தூக்கிப் போட்டு ஏறி இந்தப் பக்கம் குதித்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இந்த வீட்டு மண்ணை மிதித்தாள்.

"ஏ ஞானப்பூ! எப்ப இருந்து?"

"சூட்டு வலியாம் மதினி... சீரகத் தண்ணி..."

"சீரகத் தண்ணியத் தூக்கி ஒடப்புல போடு. சூட்டு வலிக்கா தண்ணிக்கொடம் ஒடையும்?" தரை நனைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னவள், பழுத்த காலோடு ஊர்க்கடைசிவரை போய் ராமலட்சுமியைக் கூட்டி வந்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சியின் முகம் மாறியது. பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறது, அதுதான் முதுகில் இந்த வலி, நேரம் பிடிக்கும் என்றாள்.

உச்சிவெயில் சாய்ந்தது. ஞானப்பூ இதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததெல்லாம் போய், வாய்விட்டுக் கத்தினாள். சட்டென்று தெரசாளின் உள்ளங்கை அவள் வாயை அடைத்தது.

"கத்தாத! கத்தாதடி! பிள்ளைக்கு மூச்சுப் போயிரும். என் பிள்ளைய நான் கத்தித்தான் கொன்னேன், நீயும் கொன்றாத!"

இத்தனை வருஷம் மதினி தன்மேல் உள்ள கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறாள் என்று ஞானப்பூ நினைத்திருந்தாள். இவ்வளவு பெரிய பாரத்தை ஒருத்தி அடுத்த வீட்டில் சுமந்துகொண்டிருக்கிறாள், அதன்மேல் நான் அந்த வார்த்தையைத் தூக்கி வைத்தேனே என்று அந்த வலிக்குள்ளும் அவளுக்கு அடிவயிற்றுக்கு மேலே வேறொரு இடம் வலித்தது. அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள். "மாதாவே!" என்று ஊரே அதிரக் கத்தினாள். பொழுது சாயும்வரை கத்தினாள்.

பெண்குழந்தை. விழுந்ததும் அது போட்ட சத்தத்தில் தாயின் சத்தம் எடுபடவில்லை. "தொண்டையப் பாரு" என்றாள் ராமலட்சுமி.

தெரசாள் குழந்தையை வாங்கித் துடைக்கவில்லை. கையை விரித்தபடி அப்படியே நின்றாள். "இவ இம்புட்டுக் கத்தியும் பிள்ளை அழுகுதே" என்றாள். பிறகு மருத்துவச்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப நான் கத்துனதுனால இல்லையா? சொல்லுக்கா, நான் கத்துனதுனால இல்லையா?"

"கத்துனா எங்கேயாச்சும் பிள்ளை சாகுமா? ஒம் பிள்ளைக்குக் கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சுத்தா. யாரும் என்னையக் கேக்கலையே" என்றாள் ராமலட்சுமி.

நாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊர்க்கதையெல்லாம் சாயங்காலத்துக்குள் சொல்லி முடிக்கிற வாய்தான் அது. தெரசாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஞானப்பூ பாயில் கிடந்தபடி கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு எனக்கு நெசமாவே நோகலை மதினி. இன்னைக்கு நொந்துச்சு. ரெண்டுலயும் நான் செஞ்சது ஒண்ணுமில்ல" என்றாள். மறுநாள் காலையில் சுவர்மேல் பத்தியக் குழம்புக் கிண்ணம் இருந்தது.

தெரசாளுக்கு மறுபடி பிள்ளை உண்டானது நாற்பத்தேழில். வலி கண்டது ஒரு நடுப்பகலில். ராமலட்சுமி வந்தாள், எலிசபெத்தும் வந்து கதவோரம் நின்றுகொண்டாள். கொடி சுற்றிய சேதியைத் தெரசாள் தாயிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். எலிசபெத்து உம் கொட்டுவாளே தவிர மனதில் வாங்கியதில்லை. வாங்கினால் மகளைச் சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்லவேண்டுமே.

"அடக்கிக்கத்தா, அடக்கிக்க" என்றாள் எலிசபெத்து.

தெரசாள் அடக்கிக்கொண்டாள். கொடிதான் காரணம் என்று புத்திக்குத் தெரியும்; உடம்பு நம்பவேண்டாமா? சேலைத்தலைப்பை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. ராமலட்சுமி மூச்சை விடு, மூச்சை விடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும் தெரசாள் துணியை விடவில்லை.

ஞானப்பூ பார்த்துக்கொண்டே இருந்தாள். மதினியின் பின்னால் போய் உட்கார்ந்து, அவளைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். வாயிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தாள். "கத்துங்க மதினி."

தெரசாள் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். அடுத்த வலி ஏறி வந்தது. அது ஏறுவது ஞானப்பூவின் கையில் தெரிந்தது. தெரசாள் உதட்டைக் கடித்தாள்.

"மாதாவே!" என்று கத்தினாள் ஞானப்பூ.

ராமலட்சுமி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஒனக்கென்னடி வந்துச்சு?"

"நீங்க அங்க பாருங்கக்கா." அடுத்த வலிக்கும் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவள் மானம் போனது, நோகாமப் பெத்தவ என்கிற பேரும் போனது; போனால் போகட்டும். மூன்றாவது வலிக்கு அவள் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் மெல்ல எழுந்தது. நான்காவது வலிக்கு எது யார் குரல் என்று இருவருக்குமே தெரியவில்லை.

தெருவில் ஆள் கூடிவிட்டது. பருத்திப் பொதியோடு போன தங்கசாமி வண்டியை நிறுத்திவிட்டு, வாசலுக்கு வந்து நின்ற எலிசபெத்திடம் கேட்டார். "என்னத்தா, ரெண்டு பொம்பளைக கத்துற சத்தமில்ல கேக்குது? யாருக்கு வலி?"

எலிசபெத்து உள்ளே திரும்பிப் பார்த்தாள். மருமகள் நெஞ்சில் மகள் சாய்ந்திருந்தாள். இருவர் தலையும் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கிடந்தது, இருவர் வாயும் திறந்திருந்தது. அந்த நேரம்தான் மூன்றாவதாக ஒரு சின்னக் குரல் அழுதது. எலிசபெத்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் அவளால் பதில் சொல்ல முடிந்தது.

"ரெண்டு பேருக்குந்தானய்யா" என்றாள்.